சீலிங்கில் பலகை அடிப்பது: வேலூர் வீடுகளுக்கான கணக்கு

சீலிங்கில் மரப்பலகையோ லேமினேட் பலகையோ அடிப்பதாக முடிவு செய்தவர்கள் முதலில் போய் நிற்பது கடையில்தான். எந்த நிறம், எந்த டிசைன், எவ்வளவு அகலம் என்று ஒரு வாரம் போகிறது. ஆனால் இந்த வேலையின் ஆயுளைத் தீர்மானிப்பது பலகை அல்ல. மேலே இருக்கும் கான்கிரீட் தளம், அதற்குள் ஓடும் ஒயரிங் பைப், தளத்துக்கும் பலகைக்கும் நடுவில் வரும் ரீப்பர் என்ற மரச்சட்டம், வேலை செய்யும் மாதம் இவைதான் தீர்மானிக்கின்றன. இவை சரியாக இருந்தால் சாதாரணப் பலகைகூட பல வருடம் நிற்கும். இல்லாவிட்டால் தேக்கே அடித்தாலும் அடுத்த மழைக்குள் வாய் பிளக்கும்.

மாதத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டி வறண்ட வெயில் அடிக்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மரம் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், விடும். அக்னி நட்சத்திரத்தில் சுருங்கி, கார்த்திகையில் உப்பும். 4 இன்ச் அகலமுள்ள ஒரு பைன் பலகை இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே சுமார் 1 மிமீ அகலம் மாறும். ஒரு பலகையில் அது கண்ணுக்கே தெரியாது. 10 அடி அகல அறையில் 30 பலகை வரிசையாக நிற்கும்போது மொத்தம் 3 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. மே மாதத்தில் இடைவெளி விடாமல் இறுக்கி அடித்த சீலிங் மழைக்காலத்தில் நடுவில் தொப்பை போட்டு, பலகையைப் பிடித்திருக்கும் மெல்லிய ஆணியான பின்னைப் பிடுங்கிக்கொண்டு இறங்குவது இதனால்தான்.

அதனால் தை பிறந்த பிறகு, பங்குனி முடிவதற்குள் செய்வது நல்லது. மழையில் ஒழுகக்கூடிய இடமெல்லாம் அதற்குள் தன்னைக் காட்டிவிட்டிருக்கும், தளமும் காய்ந்திருக்கும், மரமும் நடுத்தர ஈரத்தில் இருக்கும். வேறு மாதத்தில்தான் முடியும் என்றால் இடைவெளியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். கோடையில் அடித்தால் ஒவ்வொரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஏடிஎம் கார்டு நுழையும் அளவு விட்டு அடியுங்கள், அது முக்கால் மில்லிமீட்டர். மழை ஈரத்தில் அடித்தால் பலகையைச் சேர்த்தே தட்டலாம், வெயிலில் அதுவாக விலகும். இது நாக்கு–காடி உள்ள, அதாவது ஒரு பலகையின் துருத்திய ஓரம் அடுத்ததன் பள்ளத்தில் நுழையும் நிஜ மரப்பலகைக்கு மட்டும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் லேமினேட் கிளிக் பலகையில் நடுவே இடைவெளி விட முடியாது, சுவர் ஓரத்தில் மட்டும் விடுவோம்.

தளத்தைப் பார்ப்பது

ஒழுகும் தளத்தை மறைக்கப் பலகை அடிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒழுகல் பலகைக்குப் பின்னால் தொடரும், கம்பி துருப்பிடிக்கும், துரு வீங்கிக் கான்கிரீட்டைக் கீழே தள்ளும், கண்ணில் படவே படாது. தெரிய வரும்போது பலகை, ரீப்பர், காரை எல்லாம் சேர்ந்து கீழே வரும்.

மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் துளைகளைத் துணி சுற்றி அடைத்து, 2 இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒன்று அல்லது இரண்டு நாள் விடுங்கள். கீழே இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத் திட்டு, வெள்ளையாக உப்புப் பூத்த கோடு, பழுப்புக் கறை எதுவானாலும் முதலில் மேலே சரிசெய்ய வேண்டும். பழைய வீடுகளில் சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டுத் தட்டோடு பதித்த மாடிகளில் ஓடுகளின் சந்தும், கைப்பிடிச் சுவர் வந்து சேரும் மூலையும்தான் பெரும்பாலும் குற்றவாளி. பிறகு ஏணியில் ஏறி, சின்ன சுத்தியலால் சீலிங் முழுவதையும் ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். கம்பி ஓடும் நேர்கோட்டில் விரிசல் தெரிந்தால் ஆசாரியைவிடக் கட்டட இன்ஜினியரை முதலில் கூப்பிடுங்கள்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே பேசிவிடலாம். மேல்மாடி அறைச் சூடு குறையும் என்று பலகை அடிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் குறையும். ஆனால் வெயில் தளத்தில் இறங்கிய பிறகு உள்ளே தடுப்பதைவிட, மாடியில் வெள்ளை ஓடு பதிப்பதும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிப்பதும் அதிகப் பலன் தரும். அதைச் செய்துவிட்டுப் பலகை அடியுங்கள். ரீப்பர் தடிமனால் கிடைக்கும் 1 இன்ச் காற்று இடைவெளியில் அலுமினிய ஃபாயில் விரிப்பதானால், பளபளப்பான முகம் அந்த வெற்றிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபாயில் வேலை செய்யாது.

எந்தப் பலகை

நிஜ மரத்தில் பைன் இலகு. 12 மிமீ தடிமனில் சதுர மீட்டருக்கு 6 கிலோ அளவில் வரும். தேக்கு அழகும் உறுதியும் உள்ளது, எடையும் விலையும் கூடுதல். எதுவானாலும் நன்றாகச் சீசன் செய்த, அதாவது ஈரம் போக உலர்த்திய மரமாக இருக்க வேண்டும்.

லேமினேட் தரைப் பலகை என்பது அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் படம் ஒட்டியது. 8 மிமீ தடிமன் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. 12 மிமீ எடுத்தால் 10 கிலோவைத் தாண்டும். சீலிங்குக்கு 8 மிமீ போதும், 12 எடுப்பதால் எந்த லாபமும் இல்லை, பளுதான் கூடுகிறது. இது தரைக்காகச் செய்த பொருள், அங்கே சும்மா கிடந்து நகர வேண்டியது. சீலிங்கில் அடித்தால் கம்பெனி வாரண்டி பெரும்பாலும் செல்லாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டால் ஓரம் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குளியலறைக்கு வேண்டாம். சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே எந்த மரமும் வேண்டாம். தாளிப்புப் புகை எண்ணெயாகப் படிவதோடு தீ ஆபத்தும் இருக்கிறது.

பிவிசி பேனல் தண்ணீருக்கு அஞ்சாது, கரையான் தொடாது, எடையும் குறைவு. குளியலறைக்கு அதுவே பொருத்தம். ஆனால் வெயில் நேராக இறங்கும் மேல்மாடி அறையில் ரீப்பர் இடைவெளி 2 அடியாக விட்டால் சில கோடைகளில் நடுவில் தொங்க ஆரம்பிக்கும். பிவிசிக்கும் 16 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது.

வாங்கிய பலகையை நேராக மாட்டக் கூடாது. லேமினேட் பெட்டியை மாட்டப் போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை வசமாக வையுங்கள். நிஜ மரத்தைக் கட்டைப் பிரித்து, நடுவே குச்சி வைத்து, காற்றாட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் விடுங்கள். அந்த நாட்களில் ஏசி போடும் அறை என்றால் ஏசி ஓடட்டும், மரம் பழக வேண்டியது அந்தக் காற்றுக்கு.

நிஜ மரத்துக்கு பாலிஷோ பியூ (பாலியூரிதேன்) கோட்டிங்கோ மாட்டும் முன்பே அடிப்பது உத்தமம். முன்முகம் மட்டும் போதாது. முதுகுக்கு ஒரு கோட், நாக்குக்கு ஒரு கோட் அவசியம். முதுகுக்கு அடிக்காவிட்டால் சூடான தளத்தைப் பார்க்கும் பக்கம் வேகமாகக் காய்ந்து பலகை குழியும். நாக்குக்கு அடிக்காவிட்டால் கோடையில் பலகை விலகும்போது இரண்டு பலகைக்கு நடுவே நிறமில்லாத வெள்ளைக் கோடு வரிசை வரிசையாகத் தெரியும்.

12க்கு 10 அறைக்கு என்ன வேண்டும்

பொதுவாகக் கிடைக்கும் லேமினேட் பலகையின் அளவு 1215 மிமீ நீளம், 195 மிமீ அகலம். 1215ஐ மூன்றால் வகுத்தால் 405. ரீப்பரை 405 மிமீ இடைவெளியில், அதாவது 16 இன்ச்சில் அடித்தால் பலகையின் ஒவ்வொரு முனையும் ரீப்பரின் மேலேயே வந்து நிற்கும். காற்றில் தொங்கும் இணைப்பு ஒன்றுகூட இருக்காது. உங்கள் பலகை நீளம் வேறு என்றால் அதையும் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் ரீப்பர் அடிக்கும் வேலையை ஏற்காதீர்கள்.

பலகை 12 அடி வாக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீப்பர் அதற்குக் குறுக்கே, 10 அடி வாக்கில். சுவரிலிருந்து 10 மிமீ தள்ளி ஆரம்பப் புள்ளி. அங்கிருந்து 405, 810, 1215 என்று எட்டு ரீப்பரின் நடுக்கோடு விழும். இரண்டு சுவரோரத்திலும் ஒவ்வொன்று. ஆக 10 ரீப்பர், 100 அடி. நீளச் சுவர்கள் இரண்டின் ஓரத்திலும் ரீப்பர்களுக்கு இடையே துண்டு வைக்க இன்னொரு 24 அடி. சேதாரம் சேர்த்து 2 இன்ச்சுக்கு 1 இன்ச் ரீப்பர் 135 அடி வாங்கலாம்.

அகலத்தில் 10 அடி என்பது 3048 மிமீ. இரண்டு பக்கமும் 10 மிமீ போக 3028. 195ஆல் வகுத்தால் 15 முழு வரிசையும், கடைசியில் 103 மிமீ அகலத்தில் ஒரு வரிசையும் வரும். பரவாயில்லை, நல்ல அகலம்தான். உங்கள் அறைக்கு இந்த மிச்சம் 50 மிமீக்குக் குறைவாக வந்தால் முதல் வரிசையையும் நீளவாக்கில் அறுத்து இரண்டு ஓரத்தையும் சமமாக்குங்கள். ஒல்லியான கடைசி வரிசையைப் பின் அடித்து நிறுத்த இடமே கிடைக்காது.

ஒரு வரிசைக்கு மூன்று பலகை. முதல் வரிசை முழுப் பலகையில் ஆரம்பம். இரண்டாவது வரிசை 810 மிமீ துண்டில், மூன்றாவது 405 மிமீ துண்டில், நான்காவது மறுபடி முழுப் பலகையில். அறுத்த மிச்சம் அதே வரிசையின் மறுமுனைக்குச் சரியாகப் போய்ச் சேரும். ஆக 16 வரிசைக்கு 48 பலகை. உடைசலுக்கு 4 சேர்த்து 52. எட்டுப் பலகைப் பெட்டி என்றால் 7 பெட்டி.

பிடிமானம்: ரீப்பரில் 16 இன்ச்சுக்கு ஒன்றாக, ஓரத் துண்டுகளையும் சேர்த்து 100 நைலான் ப்ளக், 75 மிமீ ஸ்க்ரூ 100. ப்ளக் 8 மிமீ, நீளம் 40. பலகை 78 கிலோ, ரீப்பர் 30 கிலோவுக்குள், மொத்தம் 110 கிலோ தாண்டாது. ஒரு ப்ளக்குக்கு ஒரு கிலோ சொச்சம்தான். கணக்கில் இது தாராளம். இருந்தாலும் நைலான் தீயில் உருகும், பூச்சில் மட்டும் பிடித்த ப்ளக் நாளடைவில் இறங்கும். அதனால் ஒவ்வொரு ரீப்பரின் இரண்டு முனையிலும் நடுவிலும் இரும்பு ஆங்கர் ஃபாஸ்டனர் போட்டுவிடுவது நல்லது.

கார்ட்ரிட்ஜில் வரும் நெயில் ஃப்ரீ கம் என்ற பசை 300 மில்லி மூன்று. காற்றழுத்தத்தில் பின் அடிக்கும் ஏர் கன்னுக்கு 30 மிமீ பின் ஒரு பாக்கெட். சுவர் ஓரச் சந்தை மறைக்கும் பீடிங் பட்டை 44 அடி, மூலை வெட்டுச் சேதாரத்தோடு 50 அடி.

துளை போடும் முன்

நம் வீடுகளில் ஃபேன் ஹூக் இருக்கும் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் பிவிசி பைப் கான்கிரீட்டுக்கு உள்ளேயே புதைந்திருக்கிறது. சீலிங் வேலையில் நடக்கும் மோசமான தவறு இந்தப் பைப்பில் ட்ரில் இறங்குவது. ஒயர் அறுந்தால் தளத்தைக் கொத்தாமல் சரிசெய்வது கஷ்டம். மின்சாரம் இருக்கும்போது அறுந்தால் உயிராபத்து.

ஃபேன் பெட்டி, லைட் பெட்டி, சீலிங்கில் தெரியும் ஜங்ஷன் பெட்டி ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, பைப் எந்தத் திசையில் நுழைகிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் சுவர் வரைக்கும் சீலிங்கில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் 3 இன்ச் துளை கிடையாது. பைப் நேராகத்தான் போகும் என்று உறுதியில்லை, கான்கிரீட் போடும்போது வளைந்திருக்கலாம். எனவே ஆழத்திலும் கட்டுப்பாடு வேண்டும். பூச்சு 10 மிமீ, கான்கிரீட்டில் 45 மிமீ, மொத்தம் 55 மிமீ போதும். ட்ரில் பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். அந்த அறையின் சர்க்யூட்டை எம்சிபியில் அணைத்து, ட்ரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள்.

துளை போடும்போது திடீரென்று இறங்காமல் கீச்சென்று கத்தினால் அது கம்பி. அழுத்தாதீர்கள், 2 இன்ச் தள்ளிப் போடுங்கள். கம்பியை அறுப்பது தளத்தின் வலுவைக் குறைக்கும். சரசரவென்று மாவாக இறங்கினால் பூச்சு தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம், அங்கே நீளமான ஸ்க்ரூ தேவை. ப்ளக் பூச்சோடு நின்றுவிடாமல் ஆணி முனையால் தட்டிக் கான்கிரீட்டுக்குள் தள்ள வேண்டும்.

கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் தலைக்கு மேல் ட்ரில் பிடிக்கவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் தூளில் பாதி அதிலேயே விழும். ஏணியில் நின்று இந்த வேலை ஆகாது. 10 அடி உயர அறைக்கு 4 அடியில் இரண்டு குதிரை, மேலே சாரப் பலகை. இரண்டு பேர் தேவை.

ரீப்பர்

பைன் ரீப்பரில் பின் நன்றாக இறங்கும், ஆனால் கரையான் விரும்பும். கோங்கு போன்ற கெட்டி மரத்தில் கரையான் பயம் குறைவு, ஆனால் பின் வளைந்துகொள்ளும், ஸ்க்ரூவுக்கு முன்துளை போட வேண்டும். பைன் எடுத்துக் கரையான் மருந்து அடிப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். நான்கு முகத்துக்கும் இரண்டு கோட், அறுத்த முனைகளைத் தனியாக மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். பலரும் அடித்த பிறகு அளவுக்கு அறுக்கிறார்கள், அறுத்த முனை பச்சையாகச் சுவரைத் தொட்டு நிற்கிறது. கரையான் சுவர் வழியாக ஏறி நுழையும் இடமே அதுதான். வீட்டில் ஏற்கெனவே கரையான் நடமாட்டம் இருந்தால் மர ரீப்பரை விட்டுவிட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் போடுங்கள். அதில் பின் நிற்காது. பலகையைத் தட்டைத் தலை செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் காடி உதட்டில் பிடிக்க வேண்டும், வேலை மெதுவாகப் போகும்.

எந்தத் தளமும் சரிமட்டமாக இருக்காது. அரை இன்ச் ஏற்ற இறக்கம் சாதாரணம். தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவலோ லேசரோ வைத்துச் சீலிங்கில் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். ட்யூப்பில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அந்தத் தாழ்ந்த இடத்தில் ரீப்பர் தளத்தோடு ஒட்டி நிற்கும். மற்ற எல்லா இடத்திலும் அந்த மட்டத்துக்கு ப்ளைவுட் துண்டு வைத்து இறக்க வேண்டும். இந்த ப்ளைவுட் துண்டு ஸ்க்ரூவுக்கு நேராக, ஸ்க்ரூ அதைத் துளைத்துப் போகும்படி இருக்கட்டும். தள்ளி வைத்தால் ஸ்க்ரூ முறுக்கும்போது ரீப்பர் மேலே வளைந்து, கீழே நூல் கட்டிப் பார்க்கையில் அலை அலையாகத் தெரியும். எல்லா ரீப்பரும் முடிந்ததும் மூலைக்கு மூலை நூல் கட்டிப் பாருங்கள். ஒரு நூல் அளவு, அதாவது சுமார் 3 மிமீ வரைக்கும் வித்தியாசம் பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் பலகையின் கிளிக் பூட்டு முழுசாக உட்காராது.

ஃபேன் ஹூக்கைச் சுற்றி நான்கு பக்கமும் கூடுதல் ரீப்பர் துண்டு வையுங்கள். ஃபேன் ஓடும் அதிர்வில் முதலில் சத்தம் போடுவது அங்கே உள்ள பலகைதான். எல்இடி லைட்டுக்குத் துளை வரும் இடத்தில் ரீப்பர் குறுக்கே வராமல் இப்போதே பாருங்கள். புது ஒயர் இழுத்தால் பைப்புக்குள் இழுங்கள். பலகைக்குப் பின்னால் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூட விடக் கூடாது. எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி, லைட் துளை வழியாக வெளியே எடுக்கும்படி இருக்க வேண்டும்.

பலகை மறைப்பதற்கு முன்னால் ரீப்பர், பைப் கோடுகளோடு சீலிங்கை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏசியோ வேறு லைட்டோ மாட்டும்போது அதுதான் வழிகாட்டும்.

பலகை ஏற்றுவது

சுவரை நம்பி முதல் வரிசையை ஆரம்பிக்கக் கூடாது. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 12க்கு 10 அறையில் இரண்டும் ஏறக்குறைய 15 அடி 7½ இன்ச் வர வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது. கலர் நூல் அடித்து நேர்கோடு போட்டு, முதல் வரிசையை அந்தக் கோட்டுக்கு நிறுத்துங்கள். சுவர்ப் பக்கம் காடி, அறைப் பக்கம் நாக்கு. சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 மிமீ ஆப்பு. சுவர் கோணலைக் கடைசியில் பீடிங் மூடிக்கொள்ளும், முதல் வரிசை கோணினால் 16 வரிசையும் கோணும்.

ரீப்பரின் நடுவில் பென்சில் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே கோடாகப் பசை. பலகையின் முதுகு முழுக்கப் பூசினால் பலகை நகர வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். பலகையை வைத்து அழுத்தி, சுவர்ப் பக்கம் பீடிங் மறைக்கும் இடத்தில் முகத்தின் மேலேயே ஒரு பின், அறைப் பக்கம் நாக்கின் அடியில் 45 டிகிரி சாய்வாக ஒன்றிரண்டு பின், ஒவ்வொரு ரீப்பரிலும். ஏர் கன் அழுத்தத்தைக் குறைவில் தொடங்கித் துண்டுப் பலகையில் சோதித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் மரநார்ப் பலகையின் நாக்கு உடையும், குறைந்தால் பின் தலை துருத்தி அடுத்த பலகை உட்காராது. கையால் ஆணி அடிக்க முயன்றால் நாக்கு பெரும்பாலும் உடையும். கிளிக் பூட்டை மட்டும் நம்பிப் பின் இல்லாமல் விடுவதும் தவறு. அந்தப் பூட்டு பலகைகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடிப்பதற்கானது, தலைக்கு மேல் எடை தாங்குவதற்கானது இல்லை. வெள்ளை ஃபெவிகால் மட்டும் தடவி நிறுத்துவதும் பலிக்காது, அது காய்வதற்குள் பலகை இறங்கிவிடும்.

அடுத்த பலகையைச் சாய்த்து நுழைத்து மட்டத்துக்குத் தூக்கினால் பூட்டு விழும். உட்காராவிட்டால் துண்டுப் பலகை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், நேராக ஓரத்தில் அடித்தால் படம் பெயரும். மறுமுனையைத் தாங்க சீலிங் உயரத்துக்கு ஒரு நூல் அதிகமாக ஒரு டி வடிவ முட்டு செய்து வைத்துக்கொண்டால் இரண்டாவது ஆளின் கை காலியாகும். நான்கு வரிசைக்கு ஒருமுறை இரண்டு முனையிலும் எதிர்ச்சுவர் வரை அளந்து பாருங்கள். ஒரே அளவு வர வேண்டும். விலகல் இரண்டு மிமீ இருக்கும்போது திருத்திவிடலாம், பத்தாவது வரிசையில் முடியாது.

கடைசி வரிசைக்கு ஒவ்வொரு ரீப்பரிலும் தனித்தனியாக அளவெடுத்து, பலகையில் புள்ளி வைத்து, சேர்த்து அறுங்கள். சுவர் நேராக இருப்பதாக நினைத்து ஒரே அகலத்தில் அறுத்தால் ஒரு பக்கம் இடிக்கும், மறுபக்கம் பீடிங்குக்கு வெளியே இடைவெளி தெரியும். பீடிங்கைச் சுவரோடு பிடியுங்கள், பலகையோடு பிடிக்கக் கூடாது. பலகை அதற்கு மேலே நகர்ந்துகொள்ளட்டும். பீடிங்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தைப் பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட்டால் மூடிவிடுங்கள். பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறும் வழி அதுதான்.

சீலிங் 33 மிமீ இறங்கியிருக்கும். பரண் கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை என்றால் இடிக்குமா என்று வேலை தொடங்கும் முன்பே ரீப்பர் துண்டையும் பலகைத் துண்டையும் வைத்துப் பார்த்துவிடுங்கள். நிறைய வீட்டில் இது கடைசியில்தான் தெரிய வருகிறது.

வேறு கூரைகள்

ஆரணி, குடியாத்தம் பக்கப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம் இன்னும் இருக்கிறது. அதில் பலகை அடிக்காமல் இருப்பதே மேல். அந்தக் கட்டையைச் சுத்தம் செய்து எண்ணெய் பூசினால் எந்தப் பலகையும் தராத அழகு கிடைக்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் மக்குகிறதா என்பதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடித்தே ஆக வேண்டும் என்றால் செங்கல்லில் ப்ளக் போடாமல் உத்திரத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போடுங்கள்.

நாட்டு ஓடு, மங்களூர் ஓட்டு வீட்டில் கைமரத்தின் அடிப்பக்கத்திலேயே பலகை அடிக்கலாம், ப்ளக் தேவையில்லை. கூரை ஓரத்திலும் உச்சியிலும் காற்று வெளியேற இடம் விட்டு, எலி, அணில், பாம்பு நுழையாதபடி இரும்பு வலை அடியுங்கள். ஓடு நகர்ந்தால் ஏறிப் பார்க்க 2 அடிக்கு 2 அடியில் ஒரு கதவு கட்டாயம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் துளை போடவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ரீப்பரைத் தாங்கும் சட்டத்தை ஷீட்டைத் தொடாமல் சுவரிலோ கூரையைத் தாங்கும் பைப்பிலோ பிடிக்க வேண்டும்.

ஃபேன் திரும்ப மாட்டுவது

ஃபேன் எப்போதும் தளத்தின் ஹூக்கிலிருந்துதான் தொங்க வேண்டும், ரீப்பரிலோ பலகையிலோ அல்ல. ஃபேனைத் தாங்கும் குழாயான டவுன்ராட் போகும் துளையைச் சுற்றிலும் 10 மிமீ கூடுதலாக அறுத்துவிடுங்கள், மேல் மூடி அதை மறைக்கும். ராட் பலகையைத் தொட்டால் சீலிங் முழுக்க உறுமும். இறக்கைக்கும் பலகைக்கும் நடுவே 10 இன்ச் குறையாமல் இருந்தால்தான் காற்று இறங்கும், குறைந்தால் நீளமான ராட் மாற்றுங்கள். பசை காய 24 மணி நேரம் விட்ட பிறகு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு வரிசையாகக் கையால் அழுத்திப் பாருங்கள். படபடக்கும் பலகை இருந்தால் காடி ஓரத்தில் ஒரு மெல்லிய பின் போட்டு, அதே நிற மெழுகுக் குச்சியால் துளையை மூடிவிடலாம். மிஞ்சிய நான்கைந்து பலகையைப் பெட்டியோடு பரணில் படுக்கை வசமாக வையுங்கள். அதே டிசைன் அடுத்த வருடம் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.